லெப்டொப் பெட்டியில் எறும்பு

முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.

ஷஹ்மாவின் வாப்பாவுக்கு அவ்வளவு பணம் வர வேண்டியிருந்தது. தர வேண்டியவர் அக்குறணை டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் லாபிர் ஹாஜியார்.

போன மழையில் டவுனை ஒட்டி ஓடும் ஓயா பெருகி, டவுனுக்குள் வெள்ளம் வந்தது. ஹாஜியாரின் கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் ஏறி நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு அங்கே சேற்றை அள்ளிக் கொட்டி, சுவரைக் கழுவி, உரிந்த இடமெல்லாம் புதிதாகப் பூசிக் கொடுத்தது வாப்பாவும் அவருடைய கூட்டாளி அழகையாவும்தான். கொஞ்சக் கூலி கையோடு வந்தது. மீதியை ஹாஜியாரால் தர முடியவில்லை. வெள்ளம் சாமான்களைக் கெடுத்ததோடு நிற்காமல் அவருடைய கையிருப்பையும் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

"எப்படியும் தருவாரு. நல்ல மனிசன்," என்பார் வாப்பா.

"நல்ல மனிசண்டு எனக்கும் தெரியும். குசினிக் கூரைக்குத் தெரியாதே! அது ஒழுகிக்கொண்டே ஈக்கி," என்பார் உம்மா.

அலவத்துகொடவில் இருக்கும் அவர்களுடைய வீட்டில் மழைக்காலத்தில் சமைப்பது ஒரு வித்தை. அடுப்பில் ஒரு சட்டி இருந்தால், தரையில் மூன்று சட்டி இருக்கும். அடுப்புச் சட்டியில் கறி. தரைச் சட்டிகளில் மழைத்தண்ணீர்.

ஒரு நாள் பின்னேரம் ஹாஜியாரிடமிருந்து வாப்பாவுக்குப் போன் வந்தது. வாப்பா எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் வீடு முழுக்கக் கேட்டது.

"பஹீம், ஒங்கட மகன் லெப்டொப் ஒண்டு தேடுறாண்டு சென்னீங்களே. என்ட கடையில நாலு ஈக்கி. கேமிங் லெப்டொப். புதுசா எடுத்தா மூணு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம். ஒங்களுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சுக்குத் தாறேன். ஒங்கட கூலியையும் அதுல கழிச்சிக்கொள்ளுங்க."

ஷஹ்மாவின் அண்ணன் ஸாகி நானா ஓடிவந்து போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டான்.

"ஆனா ஒண்டு," என்றார் ஹாஜியார். "பெட்டியில கறை ஈக்கி. வெள்ளம் வந்த நாள் அவசரத்துல எல்லாத்தையும் மாடிப்படியில ஏத்தினோம். நனஞ்சதும் நனயாததும் கலந்து போச்சி. தண்ணி பட்டதா படாததாண்டு எனக்கே தெரியா. அதுதான் இந்த விலை. யோசிச்சி, வந்து பாத்து, மறுவா முடிவெடுங்க."

பேச்சு முடிந்ததுதான் தாமதம், வீட்டில் இன்னொரு பேச்சு தொடங்கியது.

"கேமிங்டா வெளையாட்டு தானே?" என்றார் உம்மா. "ஒரு லட்சத்துக்கு மேல குடுத்து வெளையாடவா?"

"இல்ல உம்மா. கேம் ஓடுற மெஷினுக்குப் படம் காட்டுற பலம் மிச்சம் ஈக்கி. அதுலதான் வீட்டுப் பிளானும் ஓடும்."

ஸாகி நானா கண்டியில் வீட்டு வரைபடம் வரையும் படிப்புப் படிக்கிறான். சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் கணினியில் எழுப்பி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல் காட்ட வேண்டும். அவனிடம் இருந்ததோ ஒரு பழைய கிழட்டு லெப்டொப். ஒரு ஜன்னலை வரைந்துவிட்டுப் போய்க் குளித்து, சாப்பிட்டு வந்தால், அப்போதுதான் அந்த ஜன்னல் திரையில் வந்து நிற்கும். அடுத்த மாதம் ஒரு முழு வீட்டை வரைந்து கொடுக்காவிட்டால் படிப்பில் ஒரு வருடம் வீணாகும்.

வீட்டில் பணம் இல்லாமலில்லை. உம்மாவின் சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம். குசினிக் கூரைக்கென்று வைத்திருந்த பணம்.

"கூரையைக் குடுத்து லெப்டொப் வாங்கி, அதுவும் செத்துப் போனா?" என்றார் உம்மா. "சின்ன மாமிட வாஷிங் மெஷினை மறந்துட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. முந்திய வெள்ளத்துக்குப் பிறகு சின்ன மாமி அரை விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். மூன்று வாரம் நன்றாகத் துவைத்தது. நாலாம் கிழமை ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. இப்போது சின்ன மாமி அதற்குள் அரிசி போட்டு வைத்திருக்கிறார். வெள்ளம் பட்ட சாமான் அப்படித்தான். வெளியே மினுங்கும், உள்ளே துருப்பிடிக்கும். அக்குறணைப் பக்கத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஸாகி நானா பெட்டியின் படத்தை ஹாஜியாரிடம் கேட்டு வாங்கி, சாச்சாவின் மகன் அஹ்னாபுக்கு அனுப்பினான். அஹ்னாப் பிலிமத்தலாவையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவன். உடனே குரல் பதிவு வந்தது.

"டேய் ஸாகி, பாத்த ஒடனே தெரியுது, வெள்ளத்துச் சாமான்! அந்தக் கறைட நிறத்தைப் பாரு, அசல் சேறு. ஒரு மாசம் ஓடும், மறுவா செத்து ஜனாஸாதான்!"

ஸாகி நானாவின் முகம் தொங்கிப்போனது.

"படத்துல பாத்துச் செல்றது எப்படி?" என்றாள் ஷஹ்மா. "நேர்ல போய்ப் பாப்போமே. பாக்குறதுக்குச் சல்லி குடுக்கத் தேவையில்லயே."

வாப்பா சிரித்தார். "அது சரி. சனிக்கிழமை எல்லாரும் போவோம்." பிறகு கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பாயிஸா, இதுல ஒரு கரண்டி, அரைக் கரண்டி..."

"கிளினிக்ல டொக்டர் என்ன சென்னாரு?" என்றார் உம்மா.

வாப்பா அப்படியே குடித்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்ற சர்க்கரை நோய். பாலும் சர்க்கரையும் இல்லாத பிளேன்டிதான் கிடைக்கும். சீனி டின் ஷஹ்மாவின் பொறுப்பு. அதை ஒரு பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்திருந்தாள். எறும்பு கிட்ட வராது, வாப்பா கிட்ட வந்தால் தண்ணீர் தளும்பிச் சத்தம் கேட்கும்.

சனிக்கிழமை காலையில் நால்வரும் பஸ் ஏறினார்கள்.

ஹாஜியாரின் கடையில் புதுச் சுண்ணாம்பு வாசம். அழகையா ஏணியில் நின்று மேல்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வாப்பாவைக் கண்டதும் தூரிகையை ஆட்டினார்.

"வாங்க பஹீம் நானா! குடும்பத்தோட வந்திருக்கீங்க, கடையவே வாங்கப் போறீங்களா?"

"மொதல்ல ஒரு பெட்டிய வாங்குவோம். கடை அடுத்த வருசம்," என்றார் வாப்பா.

ஹாஜியார் எல்லாரையும் கதிரை போட்டு உட்கார வைத்தார். உள்ளேயிருந்து நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான்கும் ஒரே மாதிரி. நான்கிலும் காய்ந்த மண்ணிறக் கறை.

"கறைய மொதல்ல பாத்துக்கொள்ளுங்க," என்று அவரே பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "எல்லாரும் வாராங்க, இதைப் பாக்குறாங்க, போறாங்க."

ஸாகி நானா லெப்டொப்பை வெளியே எடுத்தான். கறுப்பு நிறம். மூடியைத் திறந்ததும் எழுத்துப் பொத்தான்களுக்குக் கீழே சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது.

"கல்யாண வீடு மாதிரி ஈக்கே!" என்றார் உம்மா.

வாப்பா சார்ஜரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது என்ன, ஒரு செங்கல்லுப் பாரம்!"

"கேமிங் மெஷின் அப்படித்தான் வாப்பா. பெட்டரியும் நெடுக நிக்காது. ரெண்டு மணித்தியாலம் நிண்டாப் பெரிய விசயம்," என்றான் நானா.

"அப்ப பஸ்ஸுல எப்படிப் பாவிக்கிற?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"பஸ்ஸுல நான் எங்க வீடு கட்டப் போறேன்? நிக்கவே இடம் இல்ல. வகுப்புலயும் பிளக் ஈக்கி, வீட்டுலயும் ஈக்கி. எனக்கு வேண்டியது பலம்தான்."

அவன் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகினான். வகுப்பில் வரைந்த இரண்டு மாடி வீடு திரையில் வந்தது. நானா விரலை அசைக்க, வீடு சுழன்றது. கதவு திறந்தது. படியேறி மேல்மாடிக்குப் போனார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. உள்ளே காற்றாடி மட்டும் மாத்தளை பஸ் மலையேறுவதுபோல் இரைந்தது.

நானாவின் கண்கள் திரையைவிடப் பிரகாசமாக இருந்தன. ஷஹ்மாவுக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இதை வாங்கி, மூன்று கிழமையில் அது உறுமி நின்றுவிட்டால்? நானாவின் வீடும் போகும், உம்மாவின் கூரையும் போகும்.

எல்லாரும் லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, ஷஹ்மா பெட்டியைப் பார்க்கப் போனாள்.

முதலில் மூக்கை வைத்து முகர்ந்தாள். வெள்ளம் வந்த வீட்டுக்கு ஒரு வாசம் உண்டு. சேறும் மண்ணெண்ணெயும் கான் சாக்கடையும் கலந்த வாசம். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. பெட்டியில் அந்த வாசம் இல்லை.

பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மூலைகள் கூர்மையாக இருந்தன. போன வருடம் அவளுடைய சப்பாத்துப் பெட்டி நனைந்தபோது, அடி ஊறிப் பப்படம்போல் நெளிந்து போனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இது நெளியவில்லை.

அப்படியானால் கறை எங்கே? மேல்பக்கத்தில். மேல்பக்கத்தில் மட்டும்.

ஷஹ்மா யோசித்தாள். வெள்ளம் கீழேயிருந்து ஏறும். காலை நனைக்காமல் தலையை மட்டும் நனைக்கிற வெள்ளம் உண்டா?

அப்போதுதான் அவற்றைக் கண்டாள். சின்னச் சின்ன எறும்புகள். மேசைக் காலில் ஏறி, மேசையைக் கடந்து, வரிசையாக வந்து, அந்தக் கறையின்மேல் ஏறிக்கொண்டிருந்தன. சேற்றைத் தின்ன எறும்பு வராது. எறும்பு எதற்கு வரும் என்று சீனி டின்னைக் காவல் காக்கிற பிள்ளைக்குத் தெரியாதா?

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். லேசாகப் பிசுபிசுத்தது. கறையின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு கோடு. அதன்மேல் இன்னொரு அரை வட்டம்.

"நானா, இங்க வாங்களேன்," என்று ஷஹ்மா அவனைக் கதவோரம் கூட்டிப்போனாள். காதுக்குள் சொன்னாள். "அது வெள்ளம் இல்ல. தேத்தண்ணி! சீனி போட்ட தேத்தண்ணி!"

ஸாகி நானா பெட்டியைப் பார்த்தான். எறும்பைப் பார்த்தான். அவனுக்கு வாய் காதுவரை விரிந்தது. அடுத்த நொடி அவள் வாயைக் கையால் பொத்தினான்.

"சத்தம் போடாத! இது நல்ல மெஷிண்டு அவருக்குத் தெரிஞ்சா விலை ஏறும். மூணு லட்சத்துக்கு நாங்க எங்க போற? சல்லியைக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போய்ச் சிரிப்போம்."

ஷஹ்மா அவன் கையை விலக்கினாள். நானா சொல்வதிலும் கணக்கு இருந்தது. சொன்னால் லெப்டொப் கைநழுவிப் போகலாம். திரையில் சுழன்ற அந்த வீடும் போகலாம்.

அவள் ஹாஜியாரைப் பார்த்தாள். அவர் உம்மாவிடம், "ராத்தா, மனசுக்குச் சரியில்லாட்டி வாணாம். நான் கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தாறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற மூன்று பெட்டிகள், விலைபோகாமல்.

"நானா, என்னண்டு அவருக்கே தெரியாத கறைய அவரு எங்களுக்கு மொதல்ல காட்டினாரே," என்றாள் ஷஹ்மா. "நாங்க கண்டதை மட்டும் எப்படி மறைக்கிற?"

ஸாகி நானா அந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு, "போ. போய்ச் செல்லு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்றேன்," என்றான்.

ஷஹ்மா மேசைக்கு வந்தாள்.

"மாமா, ஒங்கட கடையில தேத்தண்ணி குடிக்கிற கிளாஸ் ஒண்டு தருவீங்களா?"

"தாகமா மகள்?"

"தாகம் இல்ல. அளக்க."

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கொண்டுவந்தார். ஷஹ்மா அதை வாங்கி, பெட்டியின் கறைமேல், அந்த அரை வட்டத்தின்மேல் வைத்தாள்.

வட்டம் அச்சொட்டாகப் பொருந்தியது.

பக்கத்து வட்டத்தில் வைத்தாள். அதுவும் பொருந்தியது. அடுத்த பெட்டியில் வைத்தாள். அங்கும் அப்படியே.

"வெள்ளம் கிளாஸுல வராது மாமா," என்றாள். "இது யாரோ தேத்தண்ணி வெச்ச தடம். எறும்பைப் பாருங்க. அடிப்பக்கம் சுத்தமா ஈக்கி. இந்தப் பெட்டிகளுக்குத் தண்ணியே படல்ல."

ஹாஜியார் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! சேறு சேறுண்டே பாத்த கண்ணுக்கு இது வெளங்கல்லயே! யாரு இதுமேல தேத்தண்ணி வெச்ச?"

ஏணியின் உச்சியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அழகையா தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடடா, அது நம்ம மேசைங்க ஹாஜியார்! கீழ பூரா சேறு, மேசையெல்லாம் தண்ணியில போயிருச்சு. தேத்தண்ணிய எங்க வக்கிறது? மாடிப்படியில சாக்குக்குக் கீழ கெட்டியா என்னமோ இருந்துச்சு, அதுமேல வச்சோம். சாக்குக்குக் கீழ என்னன்னு யாரு பாத்தா? மெல்லிசு சாக்கு, கிளாஸ் வட்டம் அப்படியே ஊறி எறங்கியிருக்கு. நானும் பஹீம் நானாவும் நாலு நாளா அங்கதான் குடிச்சோம். பஹீம் நானா, ஞாபகம் இல்லையா?"

வாப்பாவுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அவர் அழகையாவைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார். போதும், நிறுத்து என்று அர்த்தம். அழகையாவுக்கு அது, சரி, மேலே சொல்லு என்று தெரிந்தது.

"எனக்கு ஒரு கரண்டி சீனி போதும். பஹீம் நானாவுக்கு மூணு போட்டாத்தான் தேத்தண்ணி! எறும்பு வராம என்ன செய்யும்?"

உம்மா மெதுவாகத் திரும்பினார்.

"மூணு கரண்டியா?"

வாப்பா சுவரைப் பார்த்தார். "இந்தப் பூச்சு நல்லாத்தான் வந்தீக்கி," என்றார்.

"மூணு கரண்டியா?"

"சேத்துல நிண்டா... கொஞ்சம் களைப்பு..."

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. ஷஹ்மாவும் நானாவும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

வாப்பாதான் முதலில் முகத்தைச் சரிசெய்துகொண்டார். எழுந்து நின்றார்.

"ஹாஜியார், நான் வெச்ச கிளாஸாலதான் ஒங்கட சாமான் விலைபோகாமக் கெடந்தீக்கி. எனக்கு வெக்கமா ஈக்கி. நீங்க தர ஈக்கிற அந்த முப்பத்தெட்டாயிரத்து எழுநூத்தம்பது எனக்கு வாணாம். அதோட சரி."

உம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது எப்படி?" என்றார் ஹாஜியார். "இடுப்பு முறியச் சேறு அள்ளின கூலி அது. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குக் கழிக்க ஏலுமா? ஒங்கட மகள் வாயத் தெறக்காம ஈந்தா, இந்த நாலையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பேன். இப்ப மத்த மூணையும் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் கொறச்சி, நல்ல விலைக்குக் குடுப்பேன். எனக்கு இது லாபம், பஹீம்!"

"அப்ப இது?" என்று நானா லெப்டொப்பைத் தொட்டபடி கேட்டான்.

"சென்ன விலை சென்ன விலதான். ஒரு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சு. கூலி கழிச்சித்தான் எடுப்பேன். வாணாம்டு சென்னா லெப்டொப்பும் இல்ல!"

"ஆனா வாறவங்க திரும்பக் கறையப் பாத்துட்டுப் போயிருவாங்களே," என்றாள் ஷஹ்மா. "மாமா, அந்தக் கிளாஸையும் பெட்டிமேலயே வெச்சிருங்க. வாறவங்களையே அளந்து பாக்கச் செல்லுங்க."

"பாத்தீங்களா, இவவுக்குத்தான் நான் கூலி குடுக்கணும்!" என்றார் ஹாஜியார். "அழகையா, இந்த மூணும் போனா ஒங்கட மிச்சக் கூலியும் கையில."

"அப்படின்னா நானே ரோட்டுல நின்னு ஆளக் கூப்பிடுறேங்க!" என்றார் அழகையா.

உம்மா கைப்பையைத் திறந்தார். சீட்டுப் பணத்தை எடுத்தார். ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நானாவைப் பார்த்தார்.

"இந்த மெஷின்ல மொதல்ல எனத்த வரையப் போற?"

"எங்கட குசினியை உம்மா," என்றான் நானா. "ஒழுகாத கூரையோட."

"வரஞ்சாப் போதாது. வரஞ்சதை ஒங்கட வாப்பா கட்டணும். அடுத்த சீட்டு விழுந்த ஒடனே. மூணு கரண்டிச் சீனியில அவருக்கு நல்ல பலம் ஈக்கும்!"

அவர் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார். ஹாஜியார் அதை எடுத்துக்கொண்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பஹீம், கடன் தீந்திச்சா?"

"தீந்திச்சி ஹாஜியார். அல்ஹம்துலில்லாஹ்."

அந்த நேரம் உள்ளேயிருந்து தட்டில் பிளேன்டி வந்தது. வாப்பா ஒரு கிளாஸை எடுத்தார். எடுத்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். கடைசியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார்.

அவர் முகம் சுளித்தது.

"சீனி போட வாணாம்டு நான்தான் சென்ன," என்றாள் ஷஹ்மா.